கிணறும் போர்வெல்லும்: தண்ணீரின் வேதியியல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, வந்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. கல்லூரியில் நீர் வேதியியல் படிக்கத் தொடங்கும் மாணவர்களும் கிட்டத்தட்ட இதையேதான் கேட்கிறார்கள். இருவருக்கும் சேர்த்தே பதில் எழுதியிருக்கிறேன். கணக்கு வரும் இடத்தில் பயப்பட வேண்டாம், வகுத்தலும் கூட்டலும்தான்.

மழைத்தண்ணீர் உப்பில்லாததுதானே? நிலத்துக்குள் போனதும் ஏன் உப்பாகிறது?

மழைத்துளி விழும்போதே காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டுதான் வருகிறது. அதனால் மாசே இல்லாத இடத்தில் பெய்யும் மழைக்கும் பிஹெச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண், 7 என்றால் நடுநிலை, குறைந்தால் அமிலம்) 7 இருக்காது, சுமார் 5.6 இருக்கும். லேசான அமிலம். ஆனால் உண்மையான வேலை மண்ணுக்குள் நடக்கிறது. வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிடுவதால், மண் துளைகளுக்குள் இருக்கும் காற்றில் கார்பன் டை ஆக்சைடு வெளிக்காற்றைவிடப் பத்து மடங்கு, சில இடங்களில் நூறு மடங்குகூட இருக்கும். அதற்குள் ஊறி இறங்கும் நீர் இன்னும் கூடுதல் அமிலத்தோடு பாறையைத் தொடுகிறது.

தொட்ட பாறை சுண்ணாம்புக்கல் என்றால் சீக்கிரம் கரைந்து, கால்சியமும் பைகார்பனேட்டும் நீரில் சேரும். கருங்கல் என்றால் அவ்வளவு எளிதில் கரையாது. அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் கனிமம் மெதுவாகச் சிதைந்து களிமண்ணாகும். அந்தச் சிதைவில் சோடியம், கொஞ்சம் கால்சியம், சிலிக்கா, பைகார்பனேட் எல்லாம் நீருக்குள் வரும். வயலில் மிதிக்கும் களிமண்ணும் கிணற்றில் இறைக்கும் உப்பும் ஒரே வினையின் இரண்டு பக்கம். ஒன்று தங்கிவிட்டது, மற்றது தண்ணீரோடு போனது.

பக்கத்து வீட்டுப் போரில் நல்ல தண்ணீர், எங்கள் போரில் உப்புத் தண்ணீர். நாற்பது அடிதான் இடைவெளி. எப்படி?

தமிழ்நாட்டில் சுமார் முக்கால் பங்கு நிலம் கடினப் பாறை. அங்கே நிலத்தடி நீர் ஏரி மாதிரி பரந்து கிடப்பதில்லை, வெடிப்புகளில் ஓடுகிறது. உங்கள் போர் வெட்டிய வெடிப்பும் அவர்கள் போர் வெட்டிய வெடிப்பும் வேறு வேறாக இருக்கலாம். அவர்களுடைய வெடிப்பு போன மழையில் நிரம்பியிருக்கும். உங்களுடையதில் பல வருடங்களாகப் பாறையோடு ஒட்டிக் கிடந்த நீர் இருக்கும். நீர் எவ்வளவு காலம் பாறையோடு இருந்ததோ அவ்வளவுக்கு அதில் கரைந்திருக்கும். 'இன்னும் இருநூறு அடி போட்டா நல்ல தண்ணி வரும்' என்று சொல்லும் போர்க்காரரை நம்பிப் பணம் போடுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆழம் போகப் போகப் பழைய நீர் வரவே வாய்ப்பு அதிகம்.

பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றா?

ஒன்றேதான்: கால்சியமும் மக்னீசியமும். இந்த இரண்டின் அளவைத்தான் கடினத்தன்மை என்கிறோம். பருப்பின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருப்பது பெக்டின். கால்சியம் அதைப் பிடித்து இறுக்கிவிடும், பருப்பு கல்லு மாதிரி நிற்கும். சோப்பு விஷயத்தில், சோப்பிலுள்ள கொழுப்பு அமிலத்தோடு கால்சியம் சேர்ந்து கரையாத ஒரு பிசுக்காக மாறுகிறது. பக்கெட் விளிம்பில் ஒட்டும் அந்தச் சாம்பல் நிறப் பிசுக்குதான் அது. இருக்கிற கால்சியம் முழுவதும் இப்படித் தீர்ந்த பிறகே நுரை வரும். துணி துவைக்கும் பவுடரில் இந்தச் சிக்கல் குறைவு, அதன் மூலக்கூறு கால்சியத்தோடு சேர்ந்தாலும் அவ்வளவாகத் திரிவதில்லை.

சோடா மாவு ஒரு சிட்டிகை போட்டால் பருப்பு வேகும் என்று பாட்டிமார் செய்வது சரியான வேதியியல்தான். ஆனால் பி வைட்டமினில் ஒரு பங்கு போய்விடும். குடிக்கிற தண்ணீரில் பருப்பை வேக வைப்பது நல்லது.

கொதிக்க வைத்தால் கடினத்தன்மை போய்விடுமா?

ஒரு பகுதி போகும். பைகார்பனேட்டோடு இருக்கும் கால்சியம் சூடேறினால் கார்பன் டை ஆக்சைடை விட்டுவிட்டு, கால்சியம் கார்பனேட்டாக அடியில் படியும். கெட்டிலிலும் கீசர் கம்பியிலும் ஒட்டும் வெள்ளைப் படிவு அதுதான். முன்பு மண்ணுக்குள் நடந்த வினை இங்கே பின்னோக்கி நடக்கிறது. கொஞ்சம் வினிகரோ எலுமிச்சைச் சாறோ விட்டால் நுரைத்துக் கரையும். குளோரைடோடும் சல்பேட்டோடும் இருக்கும் பங்கு எவ்வளவு கொதித்தாலும் போகாது. முதலாவது தற்காலிகக் கடினத்தன்மை, இரண்டாவது நிரந்தரக் கடினத்தன்மை.

பரிசோதனைச் சீட்டில் பத்துப் பதினைந்து எண்கள் இருக்கின்றன. எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

எல்லோரும் டிடிஎஸ், அதாவது நீரில் கரைந்திருக்கும் மொத்தப் பொருளின் அளவு, என்ற வரியைத்தான் முதலில் பார்ப்பார்கள். நான் அதைக் கடைசியில் பார்ப்பேன். முதலில் பார்க்க வேண்டியது, சீட்டு நம்பத்தக்கதா என்பது. அதற்கு ஒரு நல்ல வழி உண்டு.

தண்ணீரைத் தொட்டால் ஷாக் அடிப்பதில்லை. அதாவது அதிலுள்ள நேர்மின் அயனிகளின் சுமையும் எதிர்மின் அயனிகளின் சுமையும் சமமாக இருக்க வேண்டும் (அயனி என்றால் மின்சுமை கொண்ட அணு அல்லது அணுக்கூட்டம்). இதை எந்தக் கிணறும் மீற முடியாது. ஒரு சீட்டில் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: கால்சியம் 80, மக்னீசியம் 36, சோடியம் 92, பொட்டாசியம் 4, எதிர்ப்பக்கம் பைகார்பனேட் 305, குளோரைடு 142, சல்பேட் 72, நைட்ரேட் 31.

இவற்றை அப்படியே கூட்டினால் பொருளில்லை. ஒவ்வொன்றையும் அதனதன் சமான எடையால், அதாவது அயனியின் எடையை அதன் மின்சுமை எண்ணால் வகுத்தால் வரும் எண்ணால், வகுக்க வேண்டும். கால்சியத்துக்கு 20, மக்னீசியத்துக்கு 12.15, சோடியத்துக்கு 23, பொட்டாசியத்துக்கு 39. வகுத்தால் 4.0, 3.0, 4.0, 0.1 வரும், கூட்டினால் 11.1. எதிர்ப்பக்கம் பைகார்பனேட்டுக்கு 61, குளோரைடுக்கு 35.5, சல்பேட்டுக்கு 48, நைட்ரேட்டுக்கு 62. வகுத்தால் 5.0, 4.0, 1.5, 0.5 வரும், கூட்டினால் 11.0. இரண்டும் கிட்டத்தட்டச் சமம், சீட்டு சரி. இரண்டு பக்கத்தின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டலால் வகுத்துப் பாருங்கள். நூற்றுக்கு ஐந்துக்குள் இருந்தால் ஏற்கலாம். அதற்கு மேல் போனால் ஏதோ ஒன்றைத் தப்பாக அளந்திருக்கிறார்கள், அல்லது அளக்காமலே விட்டிருக்கிறார்கள். ஒருமுறை என் கைக்கு வந்த சீட்டில் ஒரு பக்கம் 14, மறுபக்கம் 8. கேட்டபோது, சோடியத்தை அளக்கவில்லை, 'வழக்கமா வர்ற அளவைப் போட்டோம்' என்றார்கள்.

இதே கணக்கிலிருந்து கடினத்தன்மையும் வந்துவிடும். கால்சியம் 4, மக்னீசியம் 3, சேர்த்து 7. அதைக் கால்சியம் கார்பனேட்டின் சமான எடையான 50ஆல் பெருக்கினால் லிட்டருக்கு 350 மில்லிகிராம். பைகார்பனேட் 5 மட்டுமே இருப்பதால், 5 பெருக்கல் 50, அதாவது 250 தற்காலிகம். மிச்சம் 100 நிரந்தரம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், ஐஎஸ் 10500, கடினத்தன்மை 200க்குள் இருப்பதை விரும்புகிறது. வேறு நீர் இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்கிறது.

டிடிஎஸ் மீட்டர் வாங்கி வைத்திருக்கிறேன். 150 காட்டினால் குடிக்கலாம்தானே?

அந்த மீட்டர் உப்பை எடை போடுவதில்லை. நீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்த்து, அதை 0.5 முதல் 0.7 வரையான ஏதோ ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. மேலே சொன்ன நீரில் அது 600, 700 என்று ஏதாவது காட்டும். சரி, அதில் தப்பில்லை. ஆனால் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் ஆர்சனிக் இருந்தாலே ஆபத்து என்கிறார்கள். அதைப்போல இருபது மடங்கு இருந்தாலும் மீட்டரில் கடைசி இலக்கம்கூட அசையாது. பாக்டீரியாவும் பூச்சிமருந்தும் மின்சாரத்தைக் கடத்துவதே இல்லை. சாக்கடை கலந்த நீர் 300 காட்டும், பாதுகாப்பான கிணற்று நீர் 900 காட்டும். வாட்டர் பியூரிஃபையர் விற்க வருபவர் கையில் அந்த மீட்டர் ஏன் இருக்கிறது என்று இப்போது புரியும்.

நாக்குக்கு இதமான, மென்மையான நீர் என்றால் உடம்புக்கும் நல்லது இல்லையா?

இதற்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்துக் கதை இதற்குள் இருக்கிறது.

கருங்கல்லிலும் நைஸ் (gneiss) என்ற வரியோடிய பாறையிலும் பயோடைட், ஹார்ன்ப்ளெண்ட், அபடைட் என்ற கனிமங்கள் உண்டு. அவற்றில் ஃபுளோரைடு ஒட்டிக்கொண்டிருக்கும். நீர் நீண்ட காலம் பாறையோடு இருந்தால் அது கரைந்து வரும். எவ்வளவு வரும் என்பதைத் தீர்மானிப்பது கால்சியம். கால்சியமும் ஃபுளோரைடும் சேர்ந்தால் ஃபுளோரைட் என்ற கரையாத கனிமமாகப் படிந்துவிடும். கால்சியம் நிறைய இருக்கும் நீரில் ஃபுளோரைடு ஓரளவுக்கு மேல் ஏற முடியாது. கால்சியம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால், நீர் இரண்டு மடங்கு ஃபுளோரைடைத் தாங்கும்.

பாறைக்குள் நெடுநாள் நடந்த நீரில் என்ன ஆகிறது? கால்சியம், கார்பனேட்டாகப் படிந்தும் களிமண்ணில் சோடியத்தோடு இடம் மாறியும் குறைந்துவிடுகிறது. மிச்சம் சோடியமும் பைகார்பனேட்டும். சோப்பு நன்றாக நுரைக்கும், பருப்பு வேகும், வாய்க்கு இதமாக இருக்கும். அந்த நீரில்தான் ஃபுளோரைடு ஏறுகிறது. நிறமில்லை, வாடையில்லை, ருசியில்லை. ஊரில் 'நல்ல தண்ணி' என்று பெயர் வாங்கிய போரே பிள்ளைகளின் பல்லைக் கெடுக்கலாம்.

லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் வருடக்கணக்கில் குடித்தால் பல்லில் பழுப்புக் கறை. மூன்றிலிருந்து ஆறு வரை போனால் எலும்பும் மூட்டும் பாதிக்கும். பத்தைத் தாண்டினால் முதுகு வளைந்து நடக்க முடியாமல் போகலாம். இந்தியாவில் இந்த நோய் 1937லேயே அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் மருத்துவர்களால் பதிவு செய்யப்பட்டது. கொதிக்க வைத்தால் போகாது. நீர் ஆவியாகிக் குறைவதால் செறிவு ஏறத்தான் செய்யும். படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுப் படியவைக்கும் முறை ஒன்று உண்டு, ஆந்திரத்து நல்கொண்டா பெயரால் வழங்குகிறது, இப்போது அந்த ஊர் தெலங்கானாவில். படிகாரத்தைச் சரியாக அளந்து போட வேண்டும், தினமும் செய்ய வேண்டும். அதனால் ஊர் அளவில் நீடிப்பது கஷ்டம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கடைசியில் பாறைக்குள் தங்காத நீரையே கொண்டுவர வேண்டியிருந்தது: 2013இல் திறக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். காவிரி பாறையோடு உறவாடும் காலம் குறைவு. அதனால் அதில் ஃபுளோரைடும் குறைவு.

மோட்டார் போட்டதும் தெளிவாக வரும் தண்ணீர் அரை மணியில் செம்பழுப்பாகிறது. துருப்பிடித்த குழாயா?

குழாய் மேல் பழி போடாதீர்கள். காற்றே இல்லாத ஆழத்தில் இரும்பு கரைந்த நிலையில் இருக்கும், நிறம் தெரியாது. வெளியே வந்து ஆக்சிஜனைத் தொட்டதும் வேறு வடிவத்துக்கு மாறிக் கரையாமல் படிகிறது. தொட்டியில் விட்டு நன்றாகக் காற்றுப்பட வைத்து, ஒரு இரவு நிற்கவிட்டு, மேல்நீரை எடுத்தால் பெரும்பாலும் தீரும். டீ கறுத்துப்போவதும் இந்த இரும்பால்தான், டீயிலுள்ள டானினோடு சேர்ந்து மை மாதிரி ஆகிவிடும். அழுகிய முட்டை வாடை வேறு விஷயம், ஆக்சிஜன் இல்லாத இடத்தில் சில பாக்டீரியாக்கள் சல்பேட்டைச் சல்ஃபைடாக மாற்றுகின்றன.

வங்காளத்தில் ஆர்சனிக் எங்கிருந்து வந்தது? தொழிற்சாலையா?

இல்லை. இமயமலையிலிருந்து ஆறுகள் கொண்டுவந்த வண்டலில் இரும்பு ஆக்சைடு பூச்சு உண்டு, அதில் ஆர்சனிக் ஒட்டியிருக்கும். வண்டலுக்குள் புதைந்த செடிகொடி மட்கும்போது ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. இரும்பு கரைகிறது, கூடவே ஆர்சனிக்கும். போன கேள்வியில் பார்த்த இரும்பு வேதியியலேதான். குளத்து நீரால் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் செத்தார்கள் என்று 1970களில் லட்சக்கணக்கில் கைப்பம்புகள் போட்டார்கள். கிருமி போனது. மேற்கு வங்கத்தில் 1983இலும் வங்கதேசத்தில் 1993இலும் ஆர்சனிக் பாதிப்பு வெளியே தெரிந்தது. பிறகு ஒவ்வொரு பம்பாகச் சோதித்து, ஆபத்தானதற்குச் சிவப்பும் நல்லதற்குப் பச்சையும் பூசினார்கள். நல்லெண்ணத்தோடு செய்த காரியத்தில், அளக்காமல் விட்ட ஒரே ஒரு தனிமம்.

கடலோரத்தில் கிணற்று நீர் உவர்ப்பாகிறது. எவ்வளவு இறைத்தால் கடல்நீர் வரும்?

கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் நூற்றுக்கு 2.5 பங்கு கனம். அதனால் கடலோர நிலத்தடியில் நன்னீர் மேலே மிதந்துகொண்டிருக்கும். கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் நாற்பது அடி வரை நன்னீர் இருக்கும். இதைத் திருப்பிப் பாருங்கள்: இறைத்து இறைத்து மேல்மட்டத்தை ஒரு அடி குறைத்தால், கீழே உவர்நீர் நாற்பது அடி மேலேறும். உடனே நடக்காது. நடந்தால் உடனே திரும்பவும் போகாது.

சென்னைக்கு வடக்கே மீஞ்சூரில் 1960களின் கடைசியிலிருந்து இதுதான் நடந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். வற்றாத ஆறு ஒன்றும் கிடையாது. முழுக்கச் சுண்ணாம்புக்கல், அதன் பொந்துகளில் மாரி மழை நீர் வில்லை வடிவத்தில் தேங்கி நிற்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். பாடப்புத்தகப் படத்தை நேரில் பார்ப்பது மாதிரி.

சீட்டிலும் இது தெரியும். நன்னீரில் பைகார்பனேட் முன்னால் நிற்கும். கடல்நீர் நுழையத் தொடங்கினால் குளோரைடு அதை முந்திவிடும். நாக்குக்கு உப்பு தெரிவதற்கு முன்பே அது தெரிந்துவிடும்.

ஆறுகள் கொண்டுபோவது நன்னீர். கடல் மட்டும் ஏன் உப்பு?

ஆற்று நீரில் அதிகம் இருப்பது கால்சியமும் பைகார்பனேட்டும். கடலில் அதிகம் இருப்பது சோடியமும் குளோரைடும். கிலோவுக்கு 35 கிராம் உப்பில் குளோரைடு மட்டும் 19 கிராம். கால்சியத்தைச் சிப்பியும் பவளமும் எடுத்து ஓடாகக் கட்டிக்கொள்கின்றன. சராசரியாக ஒரு கால்சியம் அயனி பத்து லட்சம் வருட அளவில் கடலைவிட்டு வெளியேறிவிடும். குளோரைடை அப்படி எடுப்பவர் இல்லை, பத்துக் கோடி வருட அளவில் தங்கிவிடுகிறது. அயர்லாந்தின் ஜான் ஜோலி 1899இல், கடலின் சோடியத்தை ஆறுகள் ஆண்டுதோறும் கொண்டுவரும் சோடியத்தால் வகுத்து, பூமிக்குச் சுமார் 9 கோடி வயது என்றார். பூமியின் வயது 450 கோடிக்கு மேல். கணக்கு தப்பில்லை, சோடியமும் கடலைவிட்டு வெளியேறும் என்பதைத்தான் அவர் சேர்க்கவில்லை. அவர் கண்டுபிடித்தது பூமியின் வயதை அல்ல, சோடியம் கடலில் தங்கும் காலத்தை.

நைட்ரேட் என்றால் உரம்தானே?

உரமும்தான், கழிவறைக் குழியும்தான். பெரும்பாலான பாறைகளில் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு நைட்ரேட் கிடையாது. கிணற்றில் அது நிறைய இருந்தால் பெரும்பாலும் மேலேயிருந்துதான் வந்திருக்கிறது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் மாதிரி பொந்துள்ள நிலத்தில் வடிகட்ட ஒன்றும் இல்லாததால் தோட்டத்து உரமும் மலக்குழியும் நேரே கிணற்றுக்குள். கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்க அந்த நீரை எடுக்கக் கூடாது, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும். இந்திய வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். சில சீட்டுகளில் நைட்ரேட்டை நைட்ரஜன் கணக்கில் போடுவார்கள். அப்படியானால் 4.43ஆல் பெருக்கிப் பிறகு ஒப்பிடுங்கள்.

திருப்பூர்ச் சாயக்கழிவும் ராணிப்பேட்டைக் குரோமியமும் ஒரே மாதிரிப் பிரச்சினையா?

இல்லை. பருத்தியில் சாயம் ஏறுவதற்கு உப்பு நிறைய வேண்டும். நிறத்தை நீக்கிவிட்டாலும் உப்பு நீரிலேயே நிற்கும், அது எதனோடும் சேர்ந்து படியாது. நொய்யல் ஆற்றில் ஓடியது பெரும்பாலும் அதுதான். ஒரத்துப்பாளையம் அணை கழிவுக் குளமாகி, 2011இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. கழிவுநீரை வெளியே விடாமல் உப்பைப் பிரித்தெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

குரோமியம் அப்படியல்ல, வடிவம் மாறும். தோல் பதனிடப் பயன்படும் மும்மதிப்புக் குரோமியம் சாதாரண நீரில் எளிதில் கரையாது, மண்ணிலேயே ஒட்டிக்கொள்ளும். அறுமதிப்புக் குரோமியம் மஞ்சளாகக் கரைந்து ஓடும், புற்றுநோயும் உண்டாக்கும். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலையின் கழிவுமேடு பயமுறுத்துவது இந்த இரண்டாவதால். 'குரோமியம் இருக்கிறது' என்று மட்டும் ஒரு சீட்டு சொன்னால், எந்தக் குரோமியம் என்று கேளுங்கள்.

தேத்தாங்கொட்டை போட்டால் நீர் சுத்தமாகுமா?

தெளியும். கலங்கலில் உள்ள களிமண் துகள்களுக்கு எதிர்மின்சுமை, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும். தேத்தாங்கொட்டையோ படிகாரமோ அவற்றைக் கூட்டிக் கட்டிக் கீழே இறக்கும். கரைந்த உப்பும் ஃபுளோரைடும் அப்படியே இருக்கும், கொட்டையால் ஒன்றும் ஆகாது.

ஆர்ஓ மெஷின் வாங்கலாமா?

ஃபுளோரைடு, நைட்ரேட், அதிக உப்பு என்று சீட்டில் இருந்தால் வாங்கலாம். வெறும் கடினத்தன்மைக்காக என்றால் யோசியுங்கள். வீட்டு மெஷின் ஒரு லிட்டர் கொடுக்க இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிறது, அந்த நீரில் உப்பு இன்னும் செறிவாக இருக்கும். பாத்திரம் கழுவவோ கழிப்பறைக்கோ பயன்படுத்துங்கள், செடிக்கு ஊற்ற வேண்டாம்.

சரி, சாம்பிள் எப்படி எடுப்பது?

மோட்டாரைப் பத்து நிமிடமாவது ஓடவிடுங்கள், குழாயில் நின்ற நீர் போகட்டும். பாட்டிலை அதே நீரால் மூன்று முறை அலசி, காற்றுக் குமிழ் இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். இடைவெளி விட்டால் கார்பன் டை ஆக்சைடு அதற்குள் வெளியேறும், பிஹெச் ஏறும், சுண்ணாம்பு பாட்டில் சுவரிலேயே படியும். நீங்கள் அனுப்பிய நீர் ஒன்று, அவர்கள் அளக்கும் நீர் வேறொன்று ஆகிவிடும். இரும்பு பார்க்க வேண்டுமானால் தனிப் பாட்டில், அதில் கொஞ்சம் அமிலம் சேர்க்க வேண்டும், அதைப் பரிசோதனைக் கூடத்திலேயே போட்டுத் தருவார்கள். கிருமிக்கு இன்னொரு பாட்டில், கிருமிநீக்கம் செய்தது, அலசாமல் நிரப்பி, ஐஸில் வைத்து 24 மணிக்குள் கொண்டுபோக வேண்டும். பாட்டிலின் மேல் தேதி, போரின் ஆழம், கடைசியாக மழை பெய்த நாள் மூன்றையும் எழுதுங்கள். குளிர்பான பாட்டில் வேண்டாம், எவ்வளவு கழுவினாலும்.